ஒண்ணு வந்தா ஒண்ணு போகணும்

எங்கள் வீட்டில் சட்டம் என்று இருப்பது ஒன்றுதான். மற்றவை எல்லாம் உத்தரவுகள். உத்தரவு காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாறும். சட்டம் மாறாது.

“ஒண்ணு வந்தா ஒண்ணு போகணும்.”

இது ரயில் எஞ்சின்கள் பற்றிய சட்டம். புது எஞ்சின் ஒன்று வீட்டுக்குள் வந்தால், பழைய எஞ்சின் ஒன்று வீட்டை விட்டுப் போக வேண்டும். மீறினால் பின்னறை என் கையை விட்டுப் போகும்.

பின்னறையில்தான் என் மேஜை இருக்கிறது. மேஜை மேல் இரண்டு ஸ்டேஷன், ஒரு பாலம், ஒரு சுரங்கம். சுரங்கத்தின் மேல் தெர்மாகோலில் ஒரு மலை. மலை மேல் அரிசி அளவில் சில ஆடுகள். இவற்றைச் சுற்றி என் ரயில்கள் ஓடுகின்றன. ஆபீஸில் என்னை லூப் லைனில் நிறுத்தி வருஷக் கணக்காகிறது. எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். இந்த மேஜையில் மட்டும்தான் நான் கை வைத்தால் ஏதாவது நகரும்.

இதைப் பொம்மை ரயில் என்று சொல்லக் கூடாது.

“பொம்மை இல்ல. மாதிரி ரயில்” என்று என் மனைவியிடம் பல முறை சொல்லியிருக்கிறேன்.

“ஆமா, வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் உங்களை ஒரு மாதிரிதான் பாக்கறாங்க.”

அந்த அறை மேல் அவளுக்கும் ஒரு கண் இருந்தது. அவள் வீட்டு உபயோகப் பொருள் கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவில் இருக்கிறாள். மிக்சியைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, “நாங்க ஒண்ணுமே பண்ணலைங்க, அது பாட்டுக்கு இருந்துச்சு” என்று சொல்பவர்களிடம் நாள் முழுக்கப் பேசுவது அவள் வேலை. சாயங்காலம் வந்ததும் பின்னறையில் ஒரு சாய்வு நாற்காலி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, அதில் உட்கார வேண்டும். உட்கார்ந்து ஒன்றும் செய்யக் கூடாது. அவள் திட்டம் அவ்வளவுதான்.

“ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கு எதுக்குத் தனியா ஒரு ரூம்?” என்று கேட்டேன்.

“நீங்க இருக்கற ரூம்ல ஒண்ணும் செய்யாம இருக்க முடியலையே.”

ஒரு நாள் ஹாலில் கிடந்த சிக்னல் கம்பம் அவள் காலில் குத்தியது. அன்றுதான் சட்டம் பிறந்தது. நான் சட்டத்தைக் காப்பாற்றும் வரை அறை எனக்கு. மீறினால் அவளுக்கு. இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டோம். அதாவது அவள் சொன்னாள், நான் தலையாட்டினேன்.

கொஞ்ச காலம் யோக்கியமாகத்தான் இருந்தேன். பிறகு அந்தச் சிவப்பு டீசல் எஞ்சினைப் பார்த்தேன்.

அதைப் பற்றி நான் வர்ணிக்கப் போவதில்லை. வர்ணித்தால் உங்கள் வீட்டிலும் சட்டம் வரும். கடையில் கடைசியாக ஒன்றுதான் இருந்தது. அந்த மாடல் இனிமேல் வராது என்றார்கள். டிபன் பையில் வைத்து ஆபீஸுக்குக் கொண்டுபோய் மேஜை டிராயரில் பூட்டினேன். பைல்கள் இருக்க வேண்டிய இடம்தான். பைல்களும் அங்கே நகராமல்தான் இருக்கும்.

இப்போது என்ன செய்வது? புதுசை உள்ளே கொண்டுவந்தால் பழசு ஒன்றை வெளியே அனுப்ப வேண்டும். என்னிடம் இருப்பவை ஏழெட்டு. ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை மாதிரி. எந்தப் பிள்ளையை அனுப்புவது? விஷயத்தைச் சங்கத்துக்குக் கொண்டுபோனேன்.

எங்கள் சங்கம் ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில் சனிக்கிழமை மாலைகளில் கூடும். கடைக்காரர் எங்கள் தலைவர். கீழே கண் பரிசோதிப்பார், மாடியில் தண்டவாளம் போடுவார். உறுப்பினர்களில் முக்கியமானவர் பல் டாக்டர். பல்லுக்கு வைத்திருக்கும் ஊசி முனைக் கருவிகளால் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிற்கும் சின்ன மனிதர்களுக்குப் புருவம் வரைவார். நான் எப்போதும் கடைசியில் வந்து சேர்வதால் என் பெயர் அங்கே கார்டு பெட்டி.

நாங்கள் பேசுவதெல்லாம் உபயோகமான விஷயங்கள். வண்டி தடம் புரண்டால் வண்டியைத் திட்டக் கூடாது, தண்டவாளம் சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஜல்லியை ஒட்டும் பசையில் தண்ணீரோடு ஒரு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் சோப்பு விட்டால் பசை உள்ளே இறங்கும். சோப்பு குறைவதைப் பார்த்து என் மனைவி, நான் திருட்டுத்தனமாகப் பாத்திரம் தேய்க்கிறேன் என்று ஒரு மாதம் சந்தோஷமாக இருந்தாள்.

சங்கத்துக்கு ஒரு சத்தியம் உண்டு. மாடியில் பேசியது மாடியோடு. யார் என்ன வாங்கினார்கள் என்பது எந்த உறுப்பினரின் வீட்டுக்கும் போகக் கூடாது. இந்தச் சத்தியத்தை முன்மொழிந்தவன் நான்.

என் பிரச்னையைச் சொன்னேன். பல் டாக்டர் பூதக்கண்ணாடியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“புதுசு வாங்கறது குத்தம் இல்ல கார்டு. புதுசாத் தெரியறதுதான் குத்தம்.”

“புரியல டாக்டர்.”

“வயசாக்குங்க.”

“எதை?”

“எஞ்சினைத்தான். உங்களுக்கு ஏற்கனவே ஆயிடுச்சு.”

தலைவர் விளக்கினார். “அழுக்கு ஏத்தறதுன்னு சொல்லுவோம் சார். புது எஞ்சினுக்குத் துரு, புகை, சேறு எல்லாம் வரைஞ்சு பல வருஷம் ஓடின மாதிரி பண்றது. அது ஒரு கலை.”

“வீட்டம்மாவை ஏமாத்தறதா?”

“அது அந்தக் கலையோட பயன்.”

டாக்டர் பாடம் நடத்தினார். முதலில் மங்கல் வார்னிஷ் அடித்துப் பளபளப்பைக் கொல்ல வேண்டும். பழுப்புச் சாயத்தைத் தண்ணீர் மாதிரி கரைத்துத் தடவி, காய்வதற்குள் பஞ்சால் துடைக்க வேண்டும். இடுக்கில் தங்குவது தங்கட்டும். கலர் சாக்பீஸைச் சுரண்டிப் பொடியாக்கி, பிரஷ்ஷால் தூவ வேண்டும். கடைசியில் மறுபடி வார்னிஷ். சக்கரத்தில் தண்டவாளம் படும் இடத்தில் மட்டும் சாயம் படக் கூடாது. பட்டால் கரண்ட் ஏறாது.

“கூரையில?” என்று கேட்டேன்.

“கூரையைத் தொடாதீங்க. ஓடற எஞ்சினோட கூரையை மழை கழுவிரும். அழுக்கு கீழேருந்துதான் ஏறும். தண்டவாளத்துப் புழுதி, பிரேக் தூள், சேறு எல்லாம். பல்லும் அப்படித்தான். கறை ஈறுகிட்டதான் ஆரம்பிக்கும். தத்ரூபமா இருக்கணும் கார்டு. தத்ரூபமா இல்லைன்னா மாட்டிக்குவீங்க.”

தலைவர் மெதுவாகக் கேட்டார். “எந்த எஞ்சின் சார்?”

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“கடைசியா இருந்த அந்தச் சிவப்பு டீசலா? நான் போறதுக்குள்ள எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்னு சொன்னாங்களே.”

“அந்த எவன் நான்தான்.”

“சந்தோஷம் சார்” என்றார். சந்தோஷப்படுபவர்கள் அவ்வளவு நேரம் கண்ணாடி துடைக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி கடைக்குப் போன நேரத்தில் வேலையை ஆரம்பித்தேன். தற்பெருமை என்று நினைக்கக் கூடாது, அப்படி ஒரு வேலையை நான் ஆபீஸில் செய்திருந்தால் இந்நேரம் மானேஜர் ஆகியிருப்பேன். சக்கரங்களில் சேறு. படிகளில் துரு. பெயின்ட் உரிந்த மூலைகளில் இன்னும் கொஞ்சம் துரு. அடிப்பகுதி முழுக்கச் செம்மண் புழுதி, மேலே போகப் போக மெலிந்து மறைகிறது. கூரை மட்டும் மழையில் கழுவிய மாதிரி. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, சரக்கு இழுத்து இழுத்து ஓய்ந்துபோன எஞ்சின். பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். பழைய எஞ்சின்களுக்கு நடுவில், கடைசி லைனில் நிறுத்தினேன்.

மறுநாள் மனைவி அறையைத் தூசு தட்ட வந்தாள். எல்லா எஞ்சின்களையும் தட்டினாள். கடைசி லைனில் கை நின்றது.

“இது எப்ப வந்துச்சு?”

“எது?”

“இந்தச் சிவப்பு.”

“அதுவா? அது எங்க வந்துச்சு. அது பாட்டுக்கு இருந்துச்சு.”

“நான் பாத்ததே இல்லையே.”

“சுரங்கத்துக்குள்ள நிக்கும். இப்பதான் வெளிய எடுத்தேன்.”

“எப்ப வாங்கினது?”

ஒரு வருஷம் இரண்டு வருஷம் என்று சொன்னால் சந்தேகம் வரும். சொல்வதைப் பெரிதாகச் சொல்லிவிட வேண்டும்.

“கல்யாணத்துக்கு முந்தி.”

“அப்ப என்னை விட சீனியர்.”

“ரொம்ப சீனியர். இருக்கறதுலேயே பழசு இதுதான்.”

அவள் எஞ்சின் கூரையை ஆள்காட்டி விரலால் தடவினாள். விரலைப் பார்த்தாள். பிறகு சக்கரத்தைத் தடவினாள். மறுபடி விரலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். விரல் சுத்தமாக இருந்தது. ஒரு துளி சாக்பீஸ் பொடி கூட ஒட்டவில்லை. கடைசியில் வார்னிஷ் அடித்தது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

“பாவம்” என்றாள். “எவ்வளவு உழைச்சிருக்கு.”

போய்விட்டாள். எனக்கு ஒரு நிமிஷம் கண் கலங்கியது. எஞ்சினுக்காக அல்ல. அவளை ஏமாற்றிவிட்டோமே என்று.

அந்த வாரம் வீட்டில் ஒரு உத்தரவு கூட வரவில்லை. கேட்காமலே டீ வந்தது. “மலை மேல ஆடு கம்மியா இருக்கே, இன்னும் ரெண்டு விடுங்களேன்” என்று சொன்னாள். நான் இதையெல்லாம் என் கலைக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். நடுவில் ஒரு நாள், கண்ணாடி பிரேமில் ஸ்குரு கழண்டுவிட்டது என்று தலைவரின் கடைக்குப் போய் வந்தாள். அதையும் நான் ஒரு செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த ஞாயிறு தலைவர் கண்ணாடியைக் கொடுக்க வீட்டுக்கே வந்தார். இருபது வருஷமாகக் கடை வைத்திருப்பவர், யாருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி கொடுத்ததில்லை. கையில் ஒரு காலி அட்டைப்பெட்டியும் இருந்தது.

“வாங்கண்ணா” என்று என் மனைவி அவரை நேராகப் பின்னறைக்கு அழைத்து வந்தாள். “அண்ணனுக்குப் பழசுன்னா உயிராமே. கடையில பேசிக்கிட்டிருந்தப்ப சொன்னாரு.”

“பழசுன்னா உயிர்தான்மா” என்றார் தலைவர், என்னைப் பார்க்காமல்.

“அதான் யோசிச்சேன். நம்ம சீனியர் பாவம் ஒரு மூலையில நின்னுக்கிட்டிருக்கு. அருமை தெரிஞ்சவங்ககிட்டப் போனா நல்லாருக்கும்ல?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சிவப்பு எஞ்சின் அவள் கையில் இருந்தது.

“அதை ஏன் எடுக்கற?” என்றேன். “வேற தரலாம். அந்தப் பச்சையைக் குடுக்கலாம். நல்லா ஓடும்.”

“பச்சை போன வருஷம்தானே வாங்கினீங்க. அதுக்கு நீராவி எஞ்சின் ஒண்ணை வெளிய அனுப்பினோமே.”

“அதனால என்ன?”

“புதுசைக் குடுத்துட்டுப் பழசை யாராவது வச்சுக்குவாங்களா? என்னண்ணா சொல்றீங்க?”

“நியாயம்தாம்மா” என்றார் தலைவர்.

நான் அவருக்குக் கண்ணால் சிக்னல் காட்டினேன். சிவப்பு. புருவத்தாலும் காட்டினேன். ஊரிலுள்ள கண்ணையெல்லாம் சோதிக்கும் மனிதர், என் கண்ணை மட்டும் பார்க்கவில்லை. சிக்னலைத் தாண்டி வந்துகொண்டே இருந்தார்.

“அதோட மோட்டார் தேஞ்சு போச்சு” என்றேன்.

“நான் பாத்துக்கறேன் சார்.”

“சக்கரம் கூட ஆடுது.”

“பழசுன்னா ஆடத்தான் செய்யும் சார்.”

“ஏங்க,” என்றாள் மனைவி, “உங்களுக்குக் குடுக்க மனசு இல்லையா? இருந்தா சொல்லிருங்க. பழசு இல்ல, ஏதோ விசேஷம் இருக்குன்னா சொல்லுங்க. நான் திருப்பி வச்சுடறேன்.”

எஞ்சினை என் பக்கம் நீட்டினாள். வாயைத் திறந்து, இது பழசு இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் எஞ்சின் எனக்கு. அந்த வார்த்தையோடு அறை அவளுக்கு. வாயை மூடிக்கொண்டால் அறை எனக்கு. ஸ்டேஷன், பாலம், சுரங்கம், ஆடுகள் எல்லாம் எனக்கு. நான் ஆடுகளைப் பார்த்தேன். அவை என்னைப் பார்க்கவில்லை.

“விசேஷம் ஒண்ணும் இல்ல” என்றேன். “பழசுதான்.”

தலைவர் எஞ்சினை அட்டைப்பெட்டியில் பஞ்சு வைத்துப் படுக்கப் போட்டார். கண் ஆபரேஷன் ஆனவரைப் படுக்க வைப்பது போல இருந்தது. டீ சாப்பிடக் கூட நிற்கவில்லை.

ஒரு வாரம் எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். எஞ்சின் போனால் போகட்டும், அறை தப்பியது. சட்டமும் மீறப்படவில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது. பார்க்கப்போனால் ஜெயித்தது நான்தான்.

சனிக்கிழமை சங்கத்துக்குப் போனேன். மாடியில் எல்லாரும் ஒரு மேஜையைச் சுற்றி நின்றார்கள். நடுவில் என் எஞ்சின். துரு இல்லை, சேறு இல்லை, புழுதி இல்லை. டப்பாவில் வந்த அன்று இருந்ததை விடச் சிவப்பாக இருந்தது.

“ஸ்பிரிட் விட்டுத் துடைச்சேன் சார்” என்றார் தலைவர். “ஒரே நாள்ல வயசு எல்லாம் இறங்கிடுச்சு.”

“நீங்க சொல்லியிருக்கலாமே” என்றேன். “இது புதுசு, எனக்கு வேணாம்னு ஒரு வார்த்தை.”

“நான் எப்படி சார் சொல்றது? மாடியில பேசினது மாடியோடன்னு நீங்கதானே சத்தியம் கொண்டு வந்தீங்க. உங்க வீட்ல போய் நான் உங்களைக் காட்டிக் குடுக்கலாமா?”

பல் டாக்டர் தலையை ஆட்டினார். “சத்தியத்தை அவர் காப்பாத்தியிருக்காரு கார்டு. பாராட்டணும்.”

“அதுவும் நான் சும்மா வாங்கலை சார்” என்றார் தலைவர். “மாத்துக்கு மாத்துதான். கடைக்கு வர்றவங்க உக்காரப் போட்டிருந்தேனே, அந்தச் சாய்வு நாற்காலி. அம்மா அதுல உக்காந்து பாத்தாங்க, பிடிச்சுப் போச்சு. இன்னிக்கு மத்தியானம்தான் ஆள் விட்டு இறக்கினேன்.”

“எங்க?”

“உங்க வீட்லதான். சொல்லலையா?”

வீட்டுக்கு வந்தபோது பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. என் அறைக் கதவை நானே தட்டினேன்.

“வாங்க” என்றாள்.

ஜன்னலோரம் அந்த நாற்காலி. என் மேஜை ஒரு முழம் தள்ளிச் சுவரோடு ஒட்டியிருந்தது. ஆடு ஒன்று கூடச் சாயவில்லை. மனைவி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் செய்யவில்லை.

“இது என்ன?”

“நாற்காலி.”

“அது தெரியுது. எப்ப வந்துச்சு?”

“இது எங்க வந்துச்சு? அது பாட்டுக்கு இருந்துச்சு.”

நான் நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தேன். அவளே சொன்னாள்.

“ஏங்க, இந்த வீட்ல தூசி மேலேருந்து விழும். வாராவாரம் தட்டறவளுக்குத் தெரியாதா? உங்க மத்த எஞ்சின் எல்லாத்துலயும் கூரையிலதான் தூசி. சிவப்புல மட்டும் கூரை பளிச்சுன்னு இருக்கு, சக்கரத்துல சேறு. சுரங்கத்துக்குள்ள நின்னதால தூசி விழலைன்னே வச்சுக்குவோம், சேறு? அதுவும் தொட்டா வராத சேறு. இந்த ரூமுக்குள்ள அது எங்க போய்ச் சேத்துல இறங்குச்சு?”

பல் டாக்டர் சொன்னது என் காதில் ஒலித்தது. தத்ரூபமாக இருக்க வேண்டும். தத்ரூபமாகத்தான் இருந்தது. அந்த எஞ்சின் பல வருஷம் வெளியில் ஓடிய மாதிரியே இருந்தது. பல வருஷம் எங்கள் வீட்டில் சும்மா நின்ற மாதிரிதான் இல்லை.

“அன்னிக்கே கேட்டிருக்கலாமே” என்றேன்.

“எதுக்குக் கேக்கணும்? உங்க வண்டவாளத்தை நீங்களே தண்டவாளத்துல நிறுத்தி வச்சிருந்தீங்க. பாத்துக்கிட்டேன்.”

“கேட்டிருந்தா ரூமே உனக்கு வந்திருக்கும்.”

“வந்திருக்கும். மேஜை ஹாலுக்கு வந்திருக்கும். நீங்களும் கூடவே வந்திருப்பீங்க. ஒவ்வொரு நாளும் என் கால்ல ஒரு கம்பம் குத்தும். அதுக்கு இது தேவலை. மேஜை இங்கேயே இருக்கட்டும். அது எனக்கு ஒரு தொந்தரவும் பண்ணலை.”

“சட்டம் அப்படிச் சொல்லலையே” என்றேன். எனக்கு வேறு எந்தப் பாயிண்டும் கையில் இல்லை. “நான் சட்டத்தை மீறலை. பழசு ஒண்ணு வெளிய போயிருக்கு.”

“ஆமா. ஒண்ணு போச்சு, ஒண்ணு வந்துச்சு. நானும் மீறலை.”

கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஜல்லி ஒட்டும் பசையை எடுக்கக் கை நீட்டினேன்.

“சாயங்காலம் ஆறுலேருந்து எட்டு வரைக்கும் இந்த ரூம்ல ஒண்ணும் செய்யக் கூடாது” என்றாள், கண்ணைத் திறக்காமல். “கதவைச் சாத்திருங்க.”

சத்தம் வராமல் சாத்தினேன். சாத்திய பிறகுதான் பார்த்தேன், நான் ஹாலில் நின்றுகொண்டிருந்தேன்.